ரோமப் பேரரசின் வேதசாட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதசாட்சி, இரத்தசாட்சி, மறைசாட்சி: மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றுதான், விசுவாசத்தை மறுக்காமல் அதற்காக உயிர்விட்டவர். பழைய கத்தோலிக்க வழக்கில் வேதசாட்சி, இன்றைய கத்தோலிக்க வழிபாட்டு நூல்களில் மறைசாட்சி, மற்ற சபைகளில் இரத்தசாட்சி. கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்றால் வழக்கு மன்றத்தில் நின்று கண்டதைச் சொல்லும் சாதாரண சாட்சி. தமிழ்ச் சொற்கள் மூன்றிலும் அந்தச் 'சாட்சி' உதிராமல் நிற்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே வருவது பாதி புரிந்துவிடும். இந்த வரலாற்றில் பெரும்பகுதி நடந்தது ஆளுநரின் விசாரணை மேடைக்கு முன்னால்தான். சிங்கமும் சிறுத்தையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

கிறிஸ்தவர்கள் 300 ஆண்டுகள் இடைவிடாமல் வேட்டையாடப்பட்டார்களா?

இல்லை. நீரோவின் காலத்து 64-ஆம் ஆண்டு முதல் 313 வரை எடுத்துக்கொண்டால், பேரரசு முழுவதற்கும் ஆணை பிறந்து துன்புறுத்தல் நடந்தது மூன்று முறை: டேசியஸ் காலத்தில் 250-ஐ ஒட்டி, வலேரியன் காலத்தில் 257 முதல் 260 வரை, டயோக்ளேஷியனும் அவருடைய கூட்டாளிகளும் 303-இல் தொடங்கியது. மற்றதெல்லாம் ஊருக்கு ஊர், ஆளுநருக்கு ஆளுநர் மாறியது. ஓர் ஊரில் ஆயரை (பிஷப்பை) எரித்த அதே ஆண்டில் அடுத்த மாகாணத்தில் சபை நிம்மதியாகக் கூடிக்கொண்டிருக்கும். 'பத்துத் துன்புறுத்தல்கள்' என்ற கணக்கு பிற்காலத்தில் எழுந்தது. எகிப்தின் பத்து வாதைகளோடு அதைப் பொருத்திக் காட்டியதும் உண்டு. மறைக்கல்வியில் மனப்பாடம் செய்ய வசதி, அவ்வளவுதான்.

நீரோ ஏன் அவர்கள் மேல் கை வைத்தான்?

64 ஜூலையில் ரோம் நகரம் பற்றி எரிந்தது. நகரின் 14 வட்டாரங்களில் சேதமில்லாமல் தப்பியவை 4. பேரரசனே தீ வைத்தான் என்று ஊர் பேசியது. பேச்சை அடக்க வேறு யார் மேலாவது பழி விழவேண்டியிருந்தது. சுமார் 50 ஆண்டு கழித்து எழுதிய ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ், கிறிஸ்தவர்களைக் கொஞ்சமும் பிடிக்காதவர். அவரே, தீ வைத்த குற்றத்தைவிட 'மனித குலத்தின் மீதான வெறுப்பு' என்பதற்காகத்தான் அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்கிறார். விலங்குத் தோல் போர்த்தி நாய்களை ஏவினார்கள், சிலுவையில் அறைந்தார்கள், இருட்டியதும் விளக்காகக் கொளுத்தினார்கள். பேதுருவும் பவுலும் இந்தக் காலத்தில் ரோமில் இறந்தார்கள் என்பது மரபு.

ஆனால் நீரோ செய்தது ஒரு நகரத்துக்குள் நடந்த காரியம். மாகாணங்களில் பின்னால் நடந்தவற்றை அதை வைத்து விளக்கமுடியாது.

சட்டத்தில் குற்றம் என்ன?

இதற்கு நேரடியான சான்று, கருங்கடலோரப் பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி 112-ஐ ஒட்டிப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம். அனுபவமுள்ள வழக்கறிஞர் அவர். அவருக்கே பிடிபடவில்லை. தண்டிக்க வேண்டியது 'கிறிஸ்தவன்' என்ற பெயரையா, அந்தப் பெயரோடு ஒட்டிவரும் குற்றங்களையா என்று கேட்கிறார். விசாரித்ததில் அவருக்குக் கிடைத்தது இதுதான்: குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பி ஒப்படைத்ததை இல்லையென்று சொல்லமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு சாதாரண உணவை உண்கிறார்கள். உண்மையை வரவழைக்க, சபையில் பணிவிடை செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் இதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்கு முன்பே, ஒப்புக்கொண்ட பலரைக் கொல்ல அனுப்பிவிட்டிருந்தார். அவர் சொன்ன காரணம்: அவர்கள் ஒப்புக்கொண்டது எதுவானாலும் சரி, அந்தப் பிடிவாதத்துக்கே தண்டனை தரவேண்டும்.

டிராஜனின் பதில் சில வரிகள்தான். தேடிப் போகவேண்டாம். யாராவது கொண்டுவந்து நிறுத்தி, குற்றம் உறுதியானால் தண்டிக்கலாம். மறுத்து, நம் தேவர்களை வணங்கிக் காட்டினால் பழையது எப்படியிருந்தாலும் மன்னிப்பு. பெயர் போடாத மொட்டைக் கடிதங்களை ஏற்கவேண்டாம், அது நம் காலத்துக்கு அழகல்ல.

ரோமச் சட்டத்தில் இது விசித்திரமான குற்றம். திருடன் 'இனித் திருடமாட்டேன்' என்றால் விடுதலை கிடையாது. கிறிஸ்தவன் 'இனி இல்லை' என்றால் அப்போதே விடுதலை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197-ஐ ஒட்டி இதைப் பிடித்துக் கிழித்தார். குற்றவாளி என்றால் ஏன் தேடவில்லை, குற்றமற்றவன் என்றால் ஏன் தண்டிக்கிறாய் என்று கேட்டார். அவருடைய கேள்விக்கு ரோமிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு வழக்கு எப்படி நடக்கும்?

முதலில் புகார் வேண்டும். அரசு வழக்கறிஞர் என்று அங்கே யாரும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரோ, கடனாளியோ, மனத்தாங்கல் கொண்ட உறவினரோ தன் பெயரைச் சொல்லிக் குற்றஞ்சாட்ட வேண்டும். பொய்ப்புகார் என்று தெரிந்தால் அவர் தலைமேல் தண்டனை திரும்பும்.

பிறகு காத்திருப்பு. ஆளுநர் மாகாணத்தின் பெரிய ஊர்களைச் சுற்றி வந்துதான் வழக்கு கேட்பார். அதுவரை சிறை. சிறையில் அரசு சோறு போதாது, உறவும் சபையும்தான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். 203-இல் கார்த்தேஜ் சிறையில் பெர்பெத்துவா என்ற இளந்தாயும் கூடப் பிடிபட்டவர்களும் இருந்தபோது, தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு திருத்தொண்டர்கள் (டீக்கன்கள்) காவலருக்குக் கைக்காசு கொடுத்து, சில மணி நேரம் காற்றோட்டமான பகுதியில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த நேரத்தில்தான் பெர்பெத்துவா பசியால் துவண்டிருந்த தன் குழந்தைக்குப் பால் கொடுத்தார்.

விசாரணை சுருக்கமாக முடியும். நீ கிறிஸ்தவனா? ஆம் என்றால் தண்டனையைச் சொல்லி மிரட்டி, மறுபடி அதே கேள்வி. பிளினி மூன்று முறை கேட்டதாக எழுதுகிறார். மறுப்பவருக்கு மூன்று பகுதிச் சோதனை: தேவர்களை அழைத்துச் சொல்லவேண்டும், பேரரசரின் படிமத்துக்கு முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைக்கவேண்டும், கிறிஸ்துவைச் சபிக்கவேண்டும். ரோமக் குடியுரிமை உள்ளவரைப் பிளினி ரோமுக்கு அனுப்பிவைத்தார்.

எல்லாம் எழுத்தில் பதிவாகும். 180 ஜூலை 17 அன்று கார்த்தேஜில் ஸ்கில்லி என்ற ஊரைச் சேர்ந்த 12 பேரை ஆளுநர் சத்துர்னினுஸ் விசாரித்த பதிவு கிட்டத்தட்ட உரையாடலாகவே நம் கையில் இருக்கிறது. 'உன் பெட்டியில் என்ன?' என்று கேட்கிறார். 'நீதிமானாகிய பவுலின் கடிதங்களும் புத்தகங்களும்' என்கிறார் ஸ்பெராத்துஸ். யோசிக்க 30 நாள் தருகிறேன் என்கிறார் ஆளுநர். வேண்டாம் என்கிறார்கள். எழுதிவைத்த பலகையிலிருந்து தீர்ப்பு வாசிக்கப்படுகிறது: வாள். அந்த 30 நாளைக் கவனியுங்கள். பல ஆளுநர்களுக்குப் பிணம் தேவைப்படவில்லை, கீழ்ப்படிதல்தான் தேவைப்பட்டது.

அக்கம்பக்கத்தார் ஏன் புகார் கொடுத்தார்கள்?

ரோம உலகில் வழிபாடு என்பது மழை, விளைச்சல், போர், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் ஊர் முழுக்கச் சேர்ந்து கட்டும் காப்பு. ஒரு வீடு அதில் சேராமல் ஒதுங்கினால், வரும் கேட்டுக்கு அந்த வீடுதான் காரணம். நம் ஊரில் கோயில் கொடைக்கு வரி கொடுக்க மறுத்த குடும்பத்தை ஊர் பார்க்கும் பார்வையை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு தெய்வக் கோபத்தைப் பற்றிய நிஜமான பயத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்களுக்கு வைத்த பெயரே 'தெய்வமறுப்பாளர்'. டைபர் ஆறு கரை புரண்டாலும் நைல் கரை புரளாவிட்டாலும் 'கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு' என்று கத்துகிறார்கள் என்பது தெர்த்துல்லியனின் கிண்டல்.

வதந்திகளும் சேர்ந்தன. இராத்திரியில் கூடுகிறார்கள், 'உடல்', 'இரத்தம்' என்று ஏதோ உண்கிறார்கள், சகோதரன் சகோதரி என்று அழைத்துக்கொள்பவர்களே மணம் முடிக்கிறார்கள். இவை நரமாமிசமும் முறைகெட்ட உறவும் ஆகிவிட்டன. கழுதைத் தலை வைத்த ஆளைச் சிலுவையில் வரைந்து, 'அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்' என்று கீறிய சுவர்க்கிறுக்கல் ஒன்று ரோமின் பாலத்தீன் குன்றில் கிடைத்திருக்கிறது.

பிழைப்பும் உண்டு. பலி இறைச்சியை வாங்க ஆளில்லாமல் போயிருந்தது, இப்போதுதான் மறுபடி விற்கிறது என்று பிளினியே எழுதுகிறார். சங்கம் கூடுவதென்றாலே டிராஜனுக்குச் சந்தேகம். பிளினியின் மாகாணத்து நகரமான நிக்கோமேதியாவில் 150 பேர் கொண்ட தீயணைப்புப் படை அமைக்கலாமா என்று பிளினி கேட்டபோது, நாளைக்கு அதுவும் அரசியல் கும்பலாகும் என்று மறுத்தவர் அவர்.

யூதர்களும் பலியிட மறுத்தார்களே, அவர்களை விட்டது ஏன்?

அவர்களுடையது முன்னோர் வழி. பழமைக்கு ரோமில் மரியாதை உண்டு. கிறிஸ்தவர்கள் பிறந்த வழியையே விட்டு வந்தவர்கள், புதியவர்கள். யூதர்களுக்கும் வேறு துன்பங்கள் வந்தன, அது தனி வரலாறு.

ஒரு சிட்டிகை சாம்பிராணிதானே, போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே?

இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள், அன்போடும் கேட்டார்கள். ஸ்மிர்னாவின் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) ஆயர் போலிகார்ப்பைப் பிடித்துப்போன அதிகாரி, வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்து, 'சீசரே ஆண்டவர் என்று சொல்வதில் என்ன கெட்டுப்போகிறது?' என்று கேட்டார். ஆளுநர் வயதைப் பார்த்து இரங்கினார். 'எண்பத்தாறு ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என் அரசரை எப்படிப் பழிப்பேன்?' என்பது போலிகார்ப்பின் பதில்.

ரோமர்களுக்கு அந்தச் சிட்டிகை குடிமகனின் மரியாதை; மனத்தில் என்ன நினைக்கிறாய் என்பது அவர்களுக்கு வேண்டியதில்லை. கிறிஸ்தவர்களுக்கு அது வேறொரு ஆண்டவரை ஏற்றுக்கொள்வது. வரி கட்டினார்கள், பேரரசருக்காகத் தங்கள் கடவுளிடம் வேண்டினார்கள். 'சீசருக்குச் சீசர் என்ற மதிப்பு, அச்சமோ கடவுளுக்கு' என்று ஸ்கில்லி வழக்கில் தொனாத்தா என்ற பெண் சொன்னது அந்தக் கோட்டைத் துல்லியமாகப் போட்டுக்காட்டுகிறது.

பெர்பெத்துவாவுக்கு வயது சுமார் 22. தந்தை பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே வந்து, குழந்தைக்காகவாவது பலியிடு என்று கெஞ்சினார். ஆளுநர் பொறுப்பில் இருந்த இலாரியானுஸும் அதையே சொன்னார். மறுத்ததும், குறுக்கே நின்ற தந்தைக்குக் கோலடி விழுந்தது. 'என்னையே அடித்ததுபோல் வலித்தது' என்று பெர்பெத்துவா எழுதுகிறார். இது அவரே சிறையில் எழுதிவைத்த குறிப்பு. அந்தக் காலப் பெண் ஒருத்தியின் சொந்த எழுத்து இப்படி மிஞ்சியிருப்பது மிக அபூர்வம்.

டேசியஸ் காலத்துச் சான்றிதழ் என்கிறார்களே, அது என்ன?

டேசியஸ் 249-இல் ஆட்சிக்கு வந்தார். எல்லையில் கோத்தியர் நெருக்கினார்கள், உள்ளே ஆட்சிக் கலகம். பேரரசின் குடிகள் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். யார் கிறிஸ்தவர் என்று யாரும் கேட்கவில்லை. பலியிட்டாயா, சீட்டு எங்கே என்பதே கேள்வி. வழக்கு மன்றத்திலிருந்து விஷயம் இப்போது அலுவலக மேசைக்கு வந்துவிட்டது.

எகிப்தின் வறண்ட மண்ணில் பாப்பிரஸில் எழுதிய இத்தகைய சீட்டுகள் 40-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்றின் அமைப்பைப் பாருங்கள். மேலே முகவரி: இன்ன கிராமத்துப் பலிக் குழுவினருக்கு. பிறகு மனுதாரர்: சத்தாபுஸின் மகன் அவுரேலியுஸ் தியோகெனெஸ், வயது 72, வலப் புருவத்தில் தழும்பு. படம் ஒட்ட வழியில்லாத காலத்தில் தழும்புதான் அடையாளம். பிறகு உறுதிமொழி: எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னிலையில், ஆணைப்படி, பலியிட்டேன், மது வார்த்தேன், பலிப்பண்டத்தைச் சுவைத்தேன், கீழே சான்றளிக்க வேண்டுகிறேன். அதன் கீழே பார்த்தவரின் கையெழுத்து, கடைசியில் தேதி. நம் கணக்கில் 250 ஜூன் 26.

சீட்டுகளில் 'அவுரேலியுஸ்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் உண்டு. 212-இல் காரகல்லா பேரரசின் சுதந்திரக் குடிகள் எல்லோருக்கும் குடியுரிமை தந்தபோது கூடவே ஒட்டிக்கொண்ட குடும்பப் பெயர் அது. எல்லோரும் குடிமக்கள் ஆனதால்தான் எல்லோரையும் பலிக்கு அழைக்கவும் முடிந்தது. முதலைத் தெய்வம் பெத்தேசூக்கோஸின் பூசாரிப் பெண் ஒருத்தியும் இந்தச் சீட்டு வாங்கியிருக்கிறார். பூசாரியே 'நான் தெய்வத்தை வணங்குபவள்' என்று எழுதி வாங்கவேண்டிய நிலை! ஆணை எவ்வளவு பொத்தாம்பொதுவானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பலியிட்டுவிட்டவர்களை என்ன செய்தார்கள்?

இதுதான் சபையை உண்மையாக உலுக்கியது. கார்த்தேஜில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பலியிட்டார்கள் என்று அதன் ஆயர் சிப்ரியான் வருந்துகிறார். விழுந்தவர்களையும் தரம் பிரித்தார்கள்: பலி இறைச்சியை உண்டவர், சாம்பிராணி மட்டும் போட்டவர், காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர். 251-இல் கார்த்தேஜ் ஆயர் மன்றம், சீட்டு வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்களுக்குச் சாகும் தறுவாயில் மட்டும் என்று முடிவெடுத்தது. அடுத்த துன்புறுத்தல் வரும் என்ற பயம் எழுந்ததும், இரண்டு ஆண்டுக்குள் அதையும் தளர்த்தினார்கள். ரோமில் நொவாத்தியன் யாரையுமே திரும்பச் சேர்க்கக்கூடாது என்று தனிச்சபை கண்டார்.

306-இல் அலெக்சாந்திரியா ஆயர் பேதுரு போட்ட கணக்கு இன்னும் நுணுக்கமானது. சித்திரவதை தாங்காமல் விழுந்து, அதன்பின் நெடுங்காலம் தவத்தில் இருந்தவருக்கு இன்னும் 40 நாள். தனக்குப் பதிலாக அடிமையை அனுப்பிப் பலியிட வைத்தவர் உண்டா? உண்டு. அடிமைக்கு ஓராண்டு, எசமானுக்கு 3 ஆண்டு.

டயோக்ளேஷியன் காலத்தில் புத்தகங்களைத் தேடியது ஏன்?

303 பிப்ரவரி 23 அன்று நிக்கோமேதியாவின் தேவாலயத்தை இடித்தார்கள். மறுநாள் ஆணை வந்தது: ஆலயங்களை இடி, வேதப் புத்தகங்களை எரி, கிறிஸ்தவரின் பதவியையும் சட்ட உரிமைகளையும் பறி. ஆளைக் கொன்றால் வேதசாட்சி கூடுகிறது என்று இரண்டரை நூற்றாண்டு அனுபவம் சொல்லிக்கொடுத்திருந்தது. புத்தகமும் கட்டடமும் போனால் சபை தானே உதிரும் என்பது கணக்கு.

303 மே 19 அன்று இன்றைய அல்ஜீரியாவின் சீர்த்தா நகரில் அதிகாரி எழுதவைத்த சோதனைப் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7, பெண்களுக்கான அங்கி 82, ஆண்களுக்கானது 16, முக்காட்டுத் துணி 38, ஆண் செருப்பு 13 சோடி, பெண் செருப்பு 47 சோடி. இது ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்துவைத்த துணிமணியாகத்தான் இருக்கவேண்டும். ஒரு சபை அன்றாடம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எந்தப் பிரசங்கத்தையும்விட இந்த எண்கள் நன்றாகச் சொல்கின்றன.

புத்தகம் ஒன்றே ஒன்று, மிகப் பெரியது, வெளியே வந்தது. மற்றவை எங்கே என்றதற்கு 'வாசகர்களிடம் இருக்கிறது' என்றார்கள், அதாவது வழிபாட்டில் வேதம் வாசிப்பவர்களிடம். பிறகு வீடு வீடாகப் போனார்கள். ஒருவர் வீட்டில் 4, இன்னொருவர் வீட்டில் 5, மற்றொரு வீட்டில் 8. ஒருவர் வீட்டில் இல்லாதபோது மனைவி 6 புத்தகங்களை எடுத்துவந்து கொடுத்தார்.

இப்படிக் கையளித்தவர்களை இலத்தீனில் 'த்ராதித்தோரெஸ்', அதாவது 'கையளித்தவர்கள்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லே துரோகியைக் குறிக்கும் சொல்லாயிற்று. அத்தகைய ஆயர் ஒருவரைத் திருநிலைப்படுத்தியது, அதாவது திருப்பட்டம் கொடுத்தது, செல்லுமா என்ற சண்டையில் வட ஆப்பிரிக்கச் சபை இரண்டாக உடைந்து, நூறாண்டுக்கு மேல் ஒட்டவில்லை. கொலையால் ஆகாததை ஒரு சோதனைப் பட்டியல் ஓரளவு செய்துகாட்டியது.

தண்டனை ஆளுக்கு ஆள் மாறியது ஏன்?

குற்றத்தைவிட அந்தஸ்தைப் பார்த்துத்தான் தண்டனை. குடியுரிமை உள்ளவருக்கு வாள். அடிமைக்கும் எளியவருக்கும் நெருப்பு, விலங்கு, சிலுவை, சுரங்கம். 177-இல் இன்றைய பிரான்சின் லியோனில் நடந்த வழக்கில் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியுஸ் இப்படியே பதில் அனுப்பினார். இருந்தும் கூட்டத்தைக் குளிர்விக்க, குடியுரிமை பெற்ற அத்தாலுஸை ஆளுநர் விலங்குகள் முன் நிறுத்தினார். அதே ஊரில் அடிமைப் பெண் பிலாந்தினா எல்லாச் சித்திரவதையையும் தாங்கி, கடைசியாக வலையில் சுற்றிக் காளை முன் எறியப்பட்டார். உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள், உயிர்த்தெழும் நம்பிக்கையையும் சேர்த்துக் கரைப்பதற்காக.

கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம் தராது. பெர்பெத்துவாவோடு இருந்த அடிமைப் பெண் பெலிசித்தா 8 மாதக் கர்ப்பிணி. தோழர்களிடமிருந்து பிரிக்கப்பட்டுவிடுவோமோ என்பதுதான் அவர் கவலை. சிறையில் பெண் குழந்தை பிறந்தது, சபைச் சகோதரி ஒருவர் வளர்த்தார். விலங்குகளை நம்பியும் காட்சி நடத்தமுடியாது. அன்று காட்டுப்பன்றி, கைதியைத் தன்னோடு கட்டிய வேட்டைக்காரனையே குத்திக் கிழித்தது, கரடி கூண்டைவிட்டு வெளியே வரவில்லை. முடிவு வாள்தான்.

கொலோசியத்தில் கொன்றார்கள், நிலத்தடிக் கல்லறைகளில் ஒளிந்தார்கள் என்பது உண்மையா?

நீரோ காலத்தில் கொலோசியமே கிடையாது. அது திறந்தது 80-இல். கிறிஸ்தவர்களை அங்கே கொன்றதற்கு உறுதியான பழஞ்சான்று இல்லை. நிலத்தடிக் கல்லறைகள் ஊரறிந்த இடுகாடுகள், ஒளிவதற்கு மோசமான இடம். வலேரியன் 257-இல் அங்கே நுழையத் தடை போட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ரோம் ஆயர் இரண்டாம் சிக்ஸ்துஸ் பிடிபட்டது அப்படியொரு கல்லறைத் தோட்டத்தில்தான்.

புனித லாரன்சின் இரும்புக் கட்டில், செபஸ்தியாரின் அம்பு?

சிக்ஸ்துஸுக்கு நான்கு நாள் கழித்து அவருடைய திருத்தொண்டர் லாரன்ஸ் இறந்தார், அதில் ஐயமில்லை. இரும்புக் கட்டிலில் கிடத்தி நெருப்பில் வாட்டினார்கள் என்பது கதை. ஆனால் 258-ஆம் ஆண்டு ஆணை, ஆயர், குரு, திருத்தொண்டர்களை உடனே கொல்லச் சொன்னது. நிறுத்தி நிதானமாக வாட்டுவதற்கு அதில் இடமில்லை. இலத்தீனில் 'பாடுபட்டார்' என்பது 'பஸ்ஸுஸ்', 'வாட்டப்பட்டார்' என்பது 'அஸ்ஸுஸ்'. பிரதி எடுத்தவர் முதல் எழுத்தை விட்டிருப்பார் என்று ஓர் ஊகம் உண்டு. கவர்ச்சியான ஊகம், நிரூபிக்கமுடியாது.

செபஸ்தியாரைப் பற்றிய பழைய சான்று, 354-ஆம் ஆண்டு ரோம் நாட்காட்டியில் ஜனவரி 20-க்கு நேரே உள்ள பெயரும் இடமும். அம்புக் கதை அதற்கு நெடுநாள் பின்னால் எழுந்தது. அந்தக் கதையிலும் அவர் அம்பால் சாகவில்லை. பிழைத்தெழுந்து, பிறகு தடியால் அடித்துக் கொல்லப்படுகிறார். நம் ஊர்ச் சுரூபங்களில் அம்பு மட்டும் நின்றுவிட்டது.

ஒரு வரலாற்றை எடைபோட எளிய வழி: ஆளுநர் பெயரும் தேதியும் பொருந்துகிறதா, பேச்சு சுருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பேரரசரே நேரில் வந்து பக்கம் பக்கமாக வாதாடினால், ஒவ்வொரு சித்திரவதையும் அற்புதத்தால் தோற்றால், அது பிற்காலக் கதை. ஆள் இருந்திருக்கலாம், கதை பக்தியின் கைவேலை.

தானாகப் போய்ப் பிடிபடலாமா?

கூடாது என்பதே பெரும்பாலான ஆயர்களின் நிலை. ஸ்மிர்னாவில் குவிந்துஸ் என்பவர் தானும் முன்வந்து மற்றவர்களையும் தூண்டினார். விலங்குகளைக் கண்டதும் பயந்து பலியிட்டுவிட்டார். போலிகார்ப்பின் வரலாற்றை எழுதியவர்கள் அதை வேண்டுமென்றே பதிவு செய்தார்கள். சிப்ரியான் 250-இல் ஒளிந்துகொண்டார், கோழை என்று பேச்சும் கேட்டார். 258 செப்டம்பர் 14 அன்று பிடிபட்டு நின்றபோது, 'யோசித்துச் சொல்' என்ற ஆளுநரிடம் 'இதில் யோசிக்க ஒன்றுமில்லை' என்றார். வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டுத் தலை கொடுத்தார்.

எத்தனை பேர் இறந்தார்கள்?

கிறிஸ்தவ அறிஞரான ஒரிகேன், 248-ஐ ஒட்டி, அதுவரை இறந்தவர்கள் எளிதில் எண்ணிவிடக்கூடிய சிலரே என்று எழுதினார். டேசியஸும் டயோக்ளேஷியனும் அதற்குப் பிறகு வந்தவர்கள், தொகையை அவர்கள்தான் கூட்டினார்கள். அப்படியும் இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் ஆயிரக்கணக்கில்தான் பேசுகிறார்கள். இலட்சங்கள் பிற்கால மிகை.

தோமையார் இந்தக் கணக்கில் வருவாரா?

வரமாட்டார். மயிலாப்பூர் மரபு அவரை 72-இல் வைக்கிறது. அது ரோமப் பேரரசுக்கு வெளியே. சிரிய மொழியில் 3-ஆம் நூற்றாண்டில் எழுந்த பழைய கதையிலும் அவரைக் கொல்வது மஸ்தாய் என்ற அரசனின் கோபம். பலியும் சீட்டும் அங்கே இல்லை.

எப்படி முடிந்தது?

டயோக்ளேஷியனின் கூட்டு ஆட்சியாளராகத் துன்புறுத்தலை முன்னின்று நடத்திய கலேரியஸ், நோயில் கிடந்து 311 ஏப்ரல் 30 அன்று ஆணையிட்டார்: கிறிஸ்தவர்கள் இருக்கலாம், கூடலாம், பதிலுக்கு எங்கள் நலனுக்காகத் தங்கள் கடவுளிடம் வேண்டவேண்டும். சில நாளில் இறந்தார். கிழக்கை ஆண்ட மாக்ஸிமினுஸ் தாயா சில மாதங்களிலேயே மறுபடி தொடங்கினார். 313-இல் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியுஸும் மிலானில் ஒத்துப்போனபின், எல்லா மதங்களுக்கும் உரிமை என்று ஆளுநர்களுக்குக் கடிதம் போயிற்று. அதில் பாதி நிலபுலன் விவகாரம். பறித்த கூடுமிடங்களை விலை கேட்காமல் சபைக்குத் திருப்பவேண்டும். இடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் நட்டஈடு வேண்டுமானால் அரசு அதிகாரியிடம் மனுப் போட்டுக்கொள்ளலாம்.